தண்ணீர் மலை ஏறுகிறது!

பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் வித்தை: லாபமா, நஷ்டமா?

தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். இது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கோவை மாவட்டத்தில், ஆனைமலைப் பகுதியில், ஓர் இடத்தில் தண்ணீர் மலை ஏறுகிறது!

அந்த இடத்தின் பெயர் கடம்பாறை. அங்கே மலைக்கு மேலே ஓர் அணை இருக்கிறது. கீழே இன்னோர் அணை இருக்கிறது. அதற்கு ‘மேல் ஆழியாறு அணை’ என்று பெயர். இரண்டுக்கும் நடுவே, மலையைக் குடைந்து, பூமிக்குள்ளே ஒரு மின்சார நிலையம் அமைத்திருக்கிறார்கள். கடம்பாறை அணையின் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி இயந்திரத்தைச் சுற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நீலகிரியில் பைக்காரா மின்சார நிலையம் 1932-ஆம் ஆண்டு முதல் செய்துவரும் வேலைதான் இது.

அதிசயம் அதற்குப் பிறகுதான். அதே இயந்திரம் எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது. கீழே இறங்கிய தண்ணீரை மறுபடியும் மலைக்கு மேலே தள்ளுகிறது. மறுநாள் அதே தண்ணீர் திரும்ப இறங்குகிறது. திரும்ப ஏறுகிறது. 1987-ஆம் ஆண்டு முதல் 1989-க்குள் இங்கே நான்கு இயந்திரங்கள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 100 மெகாவாட் சக்தி உடையது.

தண்ணீரை ஏற்றவும் மின்சாரம்தான் வேண்டும். அது மட்டும் அல்ல. ஏற்றும்போது செலவாகும் மின்சாரம், இறக்கும்போது கிடைக்கும் மின்சாரத்தைவிட அதிகம்! 100 யூனிட் செலவழித்துத் தண்ணீரை மேலே ஏற்றினால், அது இறங்கும்போது 75 யூனிட் அளவில்தான் திரும்பக் கிடைக்கும். மிக நல்ல இயந்திரமானால் 80 யூனிட் கிடைக்கலாம்.

நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு எழுபத்தைந்து ரூபாயை வாங்கிக்கொள்ளும் வியாபாரம் உலகத்தில் உண்டா? அப்படிப்பட்ட நஷ்ட வியாபாரத்தை ஏன் செய்கிறார்கள்? இந்தியாவெங்கும் இதுபோன்ற நிலையங்கள் இன்னும் பல கட்ட வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-ஆம் ஆண்டில் இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டதே, ஏன்?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், ஒரு தென்னை மரத்தடியிலிருந்து தொடங்க வேண்டும்.

தேங்காய் சொல்லும் பாடம்

தென்னை மரத்தில் 15 மீட்டர் உயரத்தில் ஒரு தேங்காய் தொங்குகிறது. அது அசையவில்லை. ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனாலும் அதன் கீழே யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை! ஏன்? அந்தத் தேங்காயிடம் ஒரு சக்தி மறைந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உயரத்தில் இருப்பதனால் வந்த சக்தி அது. பள்ளிப் புத்தகத்தில் இதை ‘நிலை ஆற்றல்’ என்பார்கள்.

காம்பு அறுந்து தேங்காய் விழத் தொடங்குகிறது. உயரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. உயரத்தில் இருந்த சக்தி, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தின் சக்தியாக மாறுகிறது. இதற்கு ‘இயக்க ஆற்றல்’ என்று பெயர். பாதி தூரம் விழுந்ததும், பாதி சக்தி உயரத்திலும் பாதி சக்தி வேகத்திலும் இருக்கும். அப்போது வேகம் மணிக்கு 44 கிலோமீட்டர். தரையைத் தொடும்போது உயரத்தின் சக்தி முழுவதும் தீர்ந்துவிடும். எல்லாம் வேகமாகிவிடும். அப்போது மணிக்கு 62 கிலோமீட்டர். காற்றின் தடையைக் கழித்துப் போட்ட கணக்கு இது.

வழியில் எந்த இடத்தில் நிறுத்திக் கணக்குப் பார்த்தாலும், உயரத்தின் சக்தியையும் வேகத்தின் சக்தியையும் கூட்டினால் ஒரே தொகைதான் வரும். ஒரு காசு கூடாது. ஒரு காசு குறையாது. வலது பையில் இருந்த பணத்தை இடது பைக்கு மாற்றினால் மொத்தப் பணம் மாறுமா? அதைப் போலத்தான்.

வீட்டு ஊஞ்சலும் இதே பாடத்தைச் சொல்லும். ஊஞ்சலை ஒரு பக்கம் இழுத்து விட்டால், மறு பக்கம் ஏறத்தாழ அதே உயரத்துக்குப் போகும். அதைவிட ஒரு விரற்கடை கூட உயரப் போகாது. யாராவது உந்திவிட்டால்தான் உயரும். உந்தாவிட்டால் ஆட்டம் அடங்கி நின்றுவிடும். வெளியிலிருந்து சக்தி கொடுக்காமல் சக்தி கூடாது. இது இயற்கையின் சட்டம். இந்தச் சட்டத்துக்கு வாய்தாவும் இல்லை, அப்பீலும் இல்லை.

கடம்பாறை அணையின் தண்ணீரும் தென்னை மரத்துத் தேங்காயும் ஒன்றுதான். மேலே இருக்கும்வரை சக்தி தூங்குகிறது. மதகைத் திறந்தால் விழித்துக்கொள்கிறது. குழாய்க்குள் அது அழுத்தமாகவும் வேகமாகவும் மாறி, இயந்திரத்தைச் சுழற்றி, மின்சாரமாகிக் கம்பியில் ஏறிவிடுகிறது.

ஒரு யூனிட் என்பது எத்தனை குடம்?

மின்சாரக் கட்டணச் சீட்டில் ‘யூனிட்’ என்று ஒரு சொல் வருகிறது. ஒரு யூனிட் என்பது எவ்வளவு சக்தி? இதைத் தண்ணீரில் அளந்து பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

பத்து மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணறு. பத்து லிட்டர் பிடிக்கும் ஒரு குடம். அதில் தண்ணீர் இறைக்க வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வேலையைக் கைகளால் செய்து முடிக்க எத்தனை குடம் இறைக்க வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 3,670 குடம்! கை காய்த்துப்போகும், தோள் கழன்றுபோகும். ஒரு குடத்துக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலும், ஓய்வே இல்லாமல் 61 மணி நேரம் இறைக்க வேண்டும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு யூனிட்டுக்குள் இவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் கயிறும் கையுமாகக் கிணற்றடியில் நின்ற பெண்களைக் கேட்டால் இந்தக் கணக்கின் பாரம் தெரியும்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ஒரு டன் தண்ணீர், அதாவது ஆயிரம் லிட்டர், 367 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஒரு யூனிட். கடம்பாறையில் தண்ணீர் இறங்கும் உயரமும் முந்நூறு மீட்டருக்கு மேல். ஆகவே அங்கே ஒரு டன் தண்ணீருக்கு ஒரு யூனிட் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். நான்கு இயந்திரங்களும் முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 4 லட்சம் யூனிட். அதற்கு ஒவ்வொரு விநாடியும் நூறு டன்னுக்கு மேல் தண்ணீர் இறங்க வேண்டும்!

“எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாமே?” என்று சிலர் கேட்கக்கூடும். எடுக்கலாம். பத்து மீட்டர் உயரத்தில் 500 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி முழுவதையும் காலி செய்தால், 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று ஒன்றரை மணி நேரம் எரியும். அவ்வளவுதான். பிறகு குளிக்கத் தண்ணீர் இருக்காது!

இதனால்தான் இந்த வேலைக்கு மலை வேண்டும் என்கிறார்கள். மலை அளவு உயரம் வேண்டும். ஏரி அளவு தண்ணீர் வேண்டும்.

காணாமல் போன 25 யூனிட்

சக்தி குறையாது என்றால், நூறு யூனிட்டில் 25 யூனிட் எங்கே போயிற்று? களவு போயிற்றா?

களவு போகவில்லை. உருமாறிப் போயிற்று. தண்ணீர் குழாயின் சுவரை உரசுகிறது. தனக்குள்ளேயே சுழித்துக் கொந்தளிக்கிறது. இயந்திரத்தின் அச்சு உராய்கிறது. கம்பிச் சுருள்கள் சூடேறுகின்றன. ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை, இரண்டு முறையும் சக்தியின் ஒரு பங்கு வெப்பமாகிக் காற்றிலும் தண்ணீரிலும் கலந்துவிடுகிறது.

இந்த உண்மையை அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர். 1818-இல் மான்செஸ்டர் நகருக்கு அருகே பிறந்தவர். அவருடைய குடும்பத் தொழில் பீர் காய்ச்சுவது. எடைக் கற்களைக் கீழே இறங்க விட்டு, அதன் பலத்தால் தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழல வைத்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று 1840-களில் பொறுமையாக அளந்தார். கல் இறங்கிய அளவுக்கு ஏற்பத் தண்ணீர் சூடானது. தேனிலவுக்கு ஆல்ப்ஸ் மலைக்குப் போனவர், அங்கேயும் வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொண்டு அருவியின் உச்சியையும் அடியையும் அளக்கப் புறப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. புது மனைவி என்ன நினைத்தாரோ!

அருவி விழுவதனால் தண்ணீர் உண்மையிலேயே சூடாகும். ஆனால் கைக்குத் தெரியாது. ஒரு டிகிரி சூடேற வேண்டுமானால் தண்ணீர் 427 மீட்டர் விழ வேண்டும். 60 மீட்டர் அருவியில் டிகிரியில் ஏழில் ஒரு பங்குதான் ஏறும். குற்றாலத்தில் குளிப்பவர்கள் குளிரில் நடுங்குவதற்கு இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அருவி வெந்நீராகாததற்கு இதுவே காரணம்.

வெப்பமாகிப் பரவிய சக்தியை மறுபடி திரட்டுவது மிகவும் கஷ்டம். அரிசி மூட்டை சிதறினால் அள்ளலாம். சிதறியது உப்பாக இருந்து, குளத்தில் விழுந்துவிட்டால்? உப்பு இல்லாமல் போகவில்லை. ஆனால் சமையலுக்கு உதவாது. சக்தியும் அப்படித்தான்.

ஆகவே புத்திசாலித்தனம் எங்கே இருக்கிறது என்றால், சக்தி வெப்பமாகச் சிதறுவதற்கு முன்பே அதைப் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. பழைய வண்டியில் பிரேக் போட்டால், ஓட்டத்தின் சக்தி முழுவதும் பிரேக் கட்டையில் சூடாகிப் போய்விடும். சென்னை மெட்ரோ ரயிலில் அப்படி இல்லை. வண்டி வேகம் குறையும்போது, அதன் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கும் இயந்திரமாக மாறுகிறது. ஓட்டத்தின் சக்தியில் ஒரு பங்கு கம்பிக்குத் திரும்பிவிடுகிறது. கடம்பாறை இயந்திரம் முன்னும் பின்னும் சுழல்வதும் இதே தத்துவம்தான்.

நஷ்டத்துக்கு ஏன் சம்மதம்?

இப்போது வியாபாரக் கணக்குக்கு வரலாம்.

மின்சாரம் ஒரு விசித்திரமான சரக்கு. நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. கம்பியில் எந்த விநாடி உற்பத்தியாகிறதோ, ஏறத்தாழ அதே விநாடியில் எங்கோ செலவாகிவிட வேண்டும். செலவு கூடி உற்பத்தி குறைந்தாலும் ஆபத்து. உற்பத்தி கூடிச் செலவு குறைந்தாலும் ஆபத்து.

முன்பெல்லாம் மின்சாரம் மிஞ்சுவது நடு இரவில். ஊர் உறங்கும், ஆலைகள் சில ஓயும். ஆனால் நிலக்கரியில் ஓடும் அனல் மின் நிலையத்தை அடுப்பைப் போல நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது மூட்ட முடியாது. ஆகவே இரவில் மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மலை ஏற்றினார்கள்.

இப்போது கடிகாரம் தலைகீழாகிவிட்டது! சூரிய ஒளித் தகடுகள் வந்துவிட்டன. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் ஒன்று எழுந்தது. 2024-இல் தமிழ்நாட்டின் சூரிய மின்சாரத் திறன் 8,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. உச்சி வெயிலில் மின்சாரம் கொட்டுகிறது. ஆனால் மாலை ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறது. வீடுகளில் விளக்கும், மின்விசிறியும், தொலைக்காட்சியும், ஏ.சி.யும் ஓடத் தொடங்குவதும் அதே ஆறு மணிக்குத்தான்!

காற்றாலைகளும் தமிழ்நாட்டுக்கு நிறையக் கைகொடுக்கின்றன. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசுவது அதன் பருவத்தில். மாமியார் வீட்டில் விருந்து என்பதற்காக அது வீசாது.

2024-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்சாரத் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. இப்படிப்பட்ட கோடையில் மாலை நேரத் தேவையை எதைக் கொண்டு சமாளிப்பது? 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறு பட்டறைகள் முடங்கின. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவர்த்தி வாங்கினார்கள்.

மதியம் மிஞ்சும் மின்சாரத்தை வாங்க ஆள் இல்லாவிட்டால், தகடுகளின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது 100 யூனிட்டில் நூறும் வீண். அதைத் தண்ணீராக்கி மலையில் ஏற்றி வைத்தால் 25 வீண்; 75 மிச்சம். அந்த 75 யூனிட் கிடைப்பது எப்போது? ஊரே மின்சாரத்துக்குத் தவிக்கும் நேரத்தில், விலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில்!

அறுவடைக் காலத்தில் நெல்லைக் கிடங்கில் வைத்தால், எலி கொஞ்சம் தின்னும். வாடகையும் கொடுக்க வேண்டும். அதற்காகக் கிடங்கே வேண்டாம் என்று எந்த விவசாயியாவது சொல்வாரா? அந்த 25 யூனிட்தான் கிடங்கு வாடகை. கடம்பாறை மின்சாரத்தை உண்டாக்கும் ஆலை அல்ல. அது மின்சாரத்தின் நெற்களஞ்சியம்.

கால்பந்தும் தேநீரும்

இந்த யோசனை புதிது அல்ல. சுவிட்சர்லாந்து நாட்டில், ஷாப்ஹவுசன் ஊருக்கு அருகே, 1909-ஆம் ஆண்டிலேயே தண்ணீரை ஏற்றி இறக்கும் நிலையம் அமைந்தது.

இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1990-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி உலகக் கோப்பைக் கால்பந்து அரை இறுதி ஆட்டம். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆட்டம் முடிந்தது, இங்கிலாந்து தோற்றது. துக்கத்தை ஆற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போய் மின்சாரக் கெட்டிலில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்கள்! சில நிமிஷங்களில் மின்சாரத் தேவை 2,800 மெகாவாட் எகிறியது. ஏழு கடம்பாறைகள் சேர்ந்தாற்போல!

இப்படிப்பட்ட நேரங்களுக்காகவே வேல்ஸ் பகுதியில், ஒரு பழைய பலகைக் கல் சுரங்கம் இருந்த மலைக்குள், டினோர்விக் என்ற நிலையத்தை 1984-இல் திறந்தார்கள். ஆயத்தமாக நிற்கும்போது அதன் இயந்திரங்கள் சில விநாடிகளிலேயே பெரும் அளவு மின்சாரம் தரத் தொடங்கிவிடும். நிலக்கரி அடுப்பால் இது முடியுமா?

சீனாவில் பெங்நிங் என்ற இடத்தில் 3,600 மெகாவாட் நிலையம் 2024-இல் முழுமை அடைந்தது. கடம்பாறையைப் போல ஒன்பது மடங்கு. இந்தியாவிலும் மேற்கு வங்காளத்தில் புருலியாவில் 900 மெகாவாட் நிலையம் உண்டு. இமயமலையில் தெஹ்ரி அணையில் 1,000 மெகாவாட் நிலையத்தின் முதல் இயந்திரம் 2025-இல் ஓடத் தொடங்கியது.

மலைக்கு என்ன விலை?

அப்படியானால் மலை தோறும் அணை கட்டிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும்.

சக்தியின் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் மலைக்கு வேறு கணக்குகளும் உண்டு. சுரங்கம் தோண்ட வேண்டும். பாதை போட வேண்டும். புதிய அணையானால் காடோ, தோட்டமோ, ஊரோ மூழ்கும். நீலகிரியில் 1,000 மெகாவாட் அளவில் திட்டமிடப்பட்ட சில்லஹல்லா திட்டத்துக்கு அந்தப் பகுதி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. சென்னையில் ஏ.சி. ஓடுவதற்கு நீலகிரிக்காரர் நிலத்தை இழக்க வேண்டுமா?

அதே நீலகிரியில் குந்தா திட்டம் வேறு வகை. அங்கே மேலே போர்த்திமந்து அணையும், கீழே அவலாஞ்சி, எமரால்டு அணைகளும் முன்பே இருக்கின்றன. இருக்கும் அணைகளைச் சுரங்கத்தால் இணைத்து 500 மெகாவாட் எடுப்பது திட்டம். மூழ்கும் நிலம் குறைவு. ஆனால் அந்த வேலையும் குறித்த காலத்தில் முடியவில்லை; 2024-ஆம் ஆண்டு முடிந்தபோதும் நிலையம் ஓடத் தொடங்கவில்லை. மலைக்குள் வேலை செய்வது மாங்காய் அறுப்பது போல அல்ல.

பேட்டரி வைத்துச் சேமிக்கலாமே என்பார்கள். சேமிக்கலாம், சேமிக்கவும் தொடங்கியிருக்கிறார்கள். அதில் நஷ்டம் இன்னும் குறைவு, மலையும் வேண்டாம். ஆனால் பேட்டரிக்கு வயது பத்து, பதினைந்து ஆண்டுகள். பிறகு மாற்ற வேண்டும். அணையும் சுரங்கமும் தலைமுறைகளுக்கு நிற்கும். இரண்டில் எது மேல் என்பதை இடத்துக்கு இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிணறு ஆழமானால்...

இந்தக் கணக்கு மலையில் மட்டும் இல்லை, வயலிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்ப்செட்டுகள் ஓடுகின்றன. 1990 முதல் விவசாயிகளுக்கு மின்சாரக் கட்டணம் கிடையாது. ஆனால் கட்டணம் இல்லை என்பதனால் சக்தியின் செலவு இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அந்தச் செலவை அரசாங்கம், அதாவது பொதுமக்களின் வரிப்பணம், ஏற்றுக்கொள்கிறது.

நூறு அடிக் கிணற்றிலிருந்து ஒரு டன் தண்ணீரை மேலே கொண்டுவர, யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறானால் அதே தண்ணீருக்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். மோட்டாரில் வீணாவது இதற்கு மேல். நிலத்தடி நீர் ஒவ்வோர் அடி இறங்கும்போதும், மின்சாரச் செலவு ஒவ்வொரு படி ஏறுகிறது. ஊருணியைத் தூர்வாரி மழைத் தண்ணீரை நிறுத்துவது தண்ணீரைச் சேமிப்பது மட்டும் அல்ல. மின்சாரத்தைச் சேமிப்பதும் ஆகும்.

இலவசச் சக்தி என்னும் மோசடி

இயற்கையின் இந்தச் சட்டம் தெரியாதவர்களை ஏமாற்றுவது சுலபம். “ஒரு தடவை தள்ளிவிட்டால் போதும், இந்தச் சக்கரம் ஆயுள் முழுவதும் தானே சுற்றி மின்சாரம் தரும்!” என்று செல்போனில் படம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். “மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும், அந்தத் தண்ணீர் இறங்கி மோட்டாருக்கு மின்சாரம் தரும், மீதி உங்களுக்கு!” என்று விளக்கம் வேறு சொல்வார்கள். பார்க்க நன்றாக இருக்கும். மேஜைக்கு அடியில் எங்கோ ஒரு பேட்டரி ஒளிந்திருக்கும்.

1775-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்து விஞ்ஞானக் கழகம், ஓயாமல் தானே ஓடும் இயந்திரம் என்று யார் கொண்டுவந்தாலும் இனிப் பரிசோதிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது. அத்தனை பேர் முயன்று தோற்றிருந்தார்கள். கடம்பாறையில் பெரும் இயந்திரங்களை வைத்துக்கொண்டு மின்சார வாரியத்தின் என்ஜினீயர்களுக்கே நூற்றுக்கு எழுபத்தைந்துதான் கிடைக்கிறது. மேஜைச் சக்கரத்துக்கு நூற்றிருபது எங்கிருந்து கிடைக்கும்?

ஆகவே, சக்தி தருவதாக யார் எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சக்தி எங்கிருந்து வருகிறது? வழியில் எவ்வளவு வெப்பமாகிப் போகிறது? அந்த நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள்? சக்கரம் விற்கிறவரிடமும் கேட்கலாம். ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் கொண்டுவருகிறவரிடமும் கேட்கலாம்.

வீட்டிலும் ஒரு கடம்பாறை

மின்சாரத்தின் விலை நேரத்துக்கு நேரம் மாறும் காலமும் வந்துகொண்டிருக்கிறது. மத்திய அரசாங்கம் 2023-ஆம் ஆண்டு ஒரு விதி கொண்டுவந்தது. வெயில் நேரத்து மின்சாரத்தை வழக்கமான விலையைவிட 20 சதவீதமாவது குறைத்தும், நெருக்கடி நேரத்து மின்சாரத்தை விலை கூட்டியும் விற்க வேண்டும் என்பது அதன் சாரம். முதலில் ஆலைகளுக்கும் வியாபார நிலையங்களுக்கும், பிறகு விவசாயம் தவிர மற்றவர்களுக்கும் என்று வரிசை வைத்தார்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளும் புது மீட்டர் பொருத்த வேண்டும். அந்தந்த மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையம் விலையை முடிவு செய்ய வேண்டும்.

விதி வீட்டு வாசலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. தண்ணீர் மோட்டாரை மாலை ஏழு மணிக்குப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை மதியம் பன்னிரண்டு மணிக்குப் போட்டால் என்ன? தொட்டி அதே தொட்டிதான். தண்ணீரும் அதே தண்ணீர்தான். ஆனால் மதியம் ஏறிய தண்ணீர் வெயிலின் சக்தியில் ஏறியது. மாலையில் குழாயைத் திருகினால், கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டாலும் தானே இறங்கி வரும்.

ஒரு வீட்டில் இது சிறு விஷயம். ஒரு ஊரே செய்தால், மாலை நெருக்கடியில் அத்தனை மோட்டார்களும் ஓய்ந்திருக்கும். மலையைக் குடையாமல், காட்டை அழிக்காமல், ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும் கடம்பாறை அது.

சக்தியை யாரும் படைக்க முடியாது. அதை எப்போது, எங்கே, எதற்குச் செலவிடுவது என்பது மட்டும்தான் மனிதன் கையில் இருக்கிறது.